ஸ்லோவில் நிற்காத பைக்

போன தை மாதம் ஒரு காலை, ரயில் கடவையின் நட்டநடுவில் எங்கள் பைக் நூர்ந்துவிட்டது. பின்னுக்கு அம்மா. அம்மாவின் மடியில் ஒரு பை பனங்கிழங்கு. கடவைக்குக் கிட்ட வரும்போது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அக்சிலேட்டரை விட்டேன், கியரை இறக்கினேன், கிளச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். முன் சில்லு தண்டவாளத்தில் ஏற, எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கிவிட்டது. கிக்கரை உதைத்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. அசையவில்லை.

ரயில் எதுவும் வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுகிற ரயில்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் "இறங்குங்கோ அம்மா!" என்று நான் கத்திய குரலை அம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வாற ஆட்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுறா. இருவரும் பைக்கைத் தள்ளி அந்தப் பக்கம் ஏற்றினோம். கிழங்கு நாலைந்து தண்டவாளத்தடியில் கொட்டுண்டது. அம்மா திரும்பிப் போய் அதையும் பொறுக்கிக்கொண்டுதான் வந்தா.

போரில் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. கடவை என்றால் என்ன என்பதை எங்கள் வயது ஆட்கள் பெரிய பிள்ளைகளான பிறகுதான் பழகினோம். 2021 மார்ச்சில் தலைமன்னார் பியரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த தனியார் பஸ்ஸும் ரயிலும் மோதி ஒரு மாணவன் இறந்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: கடவையில் வேகத்தைக் குறைக்காமல் போகக்கூடாது. எங்கள் பைக்கின் வருத்தமோ, வேகத்தைக் குறைத்தால் நிற்பது.

வருத்தம் முழுவதையும் சொல்கிறேன், பைக் வைத்திருப்பவர்களுக்கு உடனே விளங்கும். விடியப்புறம் முதல் ஸ்ரார்ட் எடுப்பது பெரும்பாடு. சோக்கை இழுத்து உதைத்தால் பிடிக்கும், சோக்கைத் தள்ளினால் நூரும். ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் இல்லை, மன்னார்ப் பாலத்தால் எதிர்க்காற்றில் அறுபதில் போகும். ஆனால் சந்தியில், வேகத்தடையில், மாடு குறுக்கே வந்த இடத்தில், அக்சிலேட்டரை விட்ட கணமே அடங்கிவிடும்.

பைக் அப்பாவுடையது. 100 சிசி, என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது. அப்பா ஓலைத்தொடுவாய்க் கரையில் விடிய மீன் எடுத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, மன்னார் ரவுணுக்குள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் விற்கிறவர். மீன் யாவாரம் என்பதே வேகத்தைக் குறைக்கிற தொழில். படலைக்குப் படலை நிற்கவேணும், ஹோர்ன் அடிக்கவேணும், ஒராள் எட்டிப் பார்த்துவிட்டு "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லும்வரை காத்துநிற்கவேணும். அந்தப் பைக்கோடு அப்பா இரண்டு வருடமாக எப்படி யாவாரம் செய்தார் என்று எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. அவரிடம் கேட்டால், "எனக்கு நூருறேல்லையே" என்றார்.

உண்மைதான். அப்பாவுக்கு நூருவதில்லை. ஏனென்றால் அப்பா அக்சிலேட்டரை விடுவதே இல்லை. எந்த இடத்தில் நின்றாலும் வலது கை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டே இருக்கும். "ர்ர்ம்… ர்ர்ம்…" சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவர் அப்படி நிற்கும்போது எனக்கு வெட்கமாயிருக்கும். அவசரத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் வளர்ந்தபிறகு, இளந்தாரிப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். இரண்டும் பிழை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணா ஒரு நிமிடம் கேட்டார், ஸ்குரூட்றைவரை எடுத்து ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினார். "ஸ்லோவைக் கூட்டி விட்டிருக்கு தங்கச்சி, இனி நிக்காது." நிற்கவில்லைத்தான். இறைப்பு மெசின் மாதிரி இரைந்துகொண்டு நின்றது. அக்சிலேட்டரை விட்டாலும் பைக் தன்பாட்டில் இழுத்துக்கொண்டு போனது, பிரேக்கைக் கூடப் பிடிக்கவேண்டியிருந்தது, பெற்றோலும் கூடக் குடித்தது. இரண்டு கிழமையில் பழையபடி நூரத் தொடங்கியது. திரும்பப் போனேன். இன்னும் கால் சுற்று. மூன்றாம் தரம் அவர் என்னைத் தாண்டி வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, "பைக் பழசு, வித்துப்போட்டு வேற எடுக்கச் சொல்லு அப்பாவ" என்றார். தம்பிக்குப் பதின்மூன்று வயது.

வித்துப்போட்டு வேறு எடு! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாடு இது. தனியார் வாகனத்துக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக்கின் விலை புதுப் பைக்கின் பழைய விலையைத் தாண்டிப் போனது.

பிறகு யூரியூப். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் எவ்வளவு அழகாகச் சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? ஆனால் புது வீடியோக்களில் பாதி சென்சர் பற்றியும், கம்பியூட்டரை இணைத்து எரர் கோட் பார்ப்பது பற்றியும் இருந்தன. எங்கள் பைக்கில் ஒரு சென்சரும் இல்லை. தேடிப் பார்த்தால் காரணம் விளங்கியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1இலிருந்து பிஎஸ் 6 புகை விதி. அதற்காகப் பெரும்பாலான பைக்குகள் காபரேட்டரைக் கைவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதற்குச் சில நாட்களுக்கு முந்தித்தான் நாங்கள் இறக்குமதிக் கதவைப் பூட்டினோம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் சோக் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தலைமுறை பைக் ஓட, இந்தப் பக்கம் நாங்கள் காபரேட்டர் காலத்திலேயே நின்றுவிட்டோம்.

ஆகவே பழைய வீடியோக்களைத் தேடினேன். பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூட, வெளிறியிருந்தால் பெற்றோல் காணாது. எங்களுடையது சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தது. புதுப் பிளக் போட்டேன், எயார் பில்டரைத் துப்புரவாக்கினேன். காசு போனதுதான் மிச்சம். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மூட்டில் காற்று ஒழுகினாலும் இப்படி வருமாம். எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஒழுக்கு இல்லை.

பிறகு ஒரு சின்னப் பரிசோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நூரப்போகிற நேரம் சோக்கைக் கொஞ்சமாய் இழுத்தேன். அடங்கப்போன எஞ்சின் எழும்பி ஒரே சீராய் நின்றது. சோக் என்பது காற்றை அடைக்கிற கதவு. காற்றைக் குறைத்தால் சுகம் என்றால், பெற்றோல் காணாமல்தான் அது செத்துக்கொண்டிருக்கிறது. ஓடும்போது காணும், நிற்கும்போது மட்டும் காணாது.

அந்த "மட்டும்" எப்படி என்பதுதான் முழுக் கதையும். காபரேட்டருக்குள் பெற்றோல் வர இரண்டு வழி. அக்சிலேட்டரைத் திறந்து ஓடும்போது மெயின் ஜெற்றால் வரும். மூடியிருக்கும்போது அந்த வழியில் உறிஞ்சல் இல்லை. ஸ்லோ ஜெற் என்ற இன்னொரு பித்தளைத் துண்டால் மட்டும் வரும். அதன் ஓட்டை அரை மில்லிமீற்றருக்கும் சிறியது, தையல் ஊசி நுழையாது. அது பாதி அடைத்தால் அறுபதில் போகிற பைக்குக்கு ஒன்றும் தெரியாது. நிற்கப் போகும்போதுதான் தெரியும். விடியக் குளிரிலும் அதே கதை. எங்கள் மன்னார்க் குளிர் என்ன குளிர், தையிலும் பெரிதாய்க் குளிராது. ஆனால் எஞ்சினுக்கு அதுவும் குளிர்தான். குளிர்ந்த இரும்பில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் கூடப் பெற்றோல் வேணும், வருகிற வழியோ அடைத்துக் கிடக்கு. அப்படியானால் ஸ்லோ திருகாணியைக் கூட்டுவது என்ன செய்கிறது? மூடவேண்டிய கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கச் செய்கிறது. அடைப்பு அப்படியே இருக்கும், எங்களுக்குத் தெரியாமல் வளரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முற்றத்து மணலில் சாக்கை விரித்து, காபரேட்டரைக் கழற்றினோம். நான் கழற்ற, அப்பா பக்கத்தில் பலகையில் குந்தி இருந்தார். முதலில் அவருக்கு இதில் விருப்பமில்லை. "பெற்றோல்தான் பிழை. தண்ணி கலந்திருப்பாங்கள்" என்பதுதான் அவருடைய கட்சி. என்ன நடந்தாலும் அவருக்கு எரிபொருள்தான் பிழை.

அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தேயிலைத்தூள் போட்ட கோப்பையின் அடி மாதிரி செங்கபில மண்டி. விரலில் தேய்த்தால் துரு. ஸ்லோ ஜெற்றைக் கழற்றி ஆகாயத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை.

"துரு எங்கயிருந்து வருது?" என்றார் அப்பா. பிறகு அவரே ராங்கின் மூடியைத் திறந்து, போனின் லைற்றை அடித்து உள்ளே பார்த்தார். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டாயிரத்து இருபத்திரண்டு" என்றார்.

எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அடுத்த நாளே அந்த விலைக்கும் இல்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் கோட் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மீன் யாவாரிக்கு 4 லீற்றர் எந்த மூலைக்கு? கரையில் போட் எஞ்சின்கள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போக, மீனும் வரவில்லை. எங்கள் பைக் அந்த மாதங்களில் ஓலைக் கொட்டிலுக்குள் வெறும் ராங்கோடு நின்றது.

ராங்க் நிரம்ப பெற்றோல் இருந்தால் இரும்பில் காற்றுப் படாது. வெறுமையாய் இருந்தால் உள்ளே முழுக்கக் காற்று, அதுவும் எங்கள் காற்று, உப்பும் ஈரமும் கலந்தது. இரவில் ராங்க் குளிர, உள்ளே வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். தென்கரையில் 30 காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்றுத்தான் எங்கள் ராங்குக்குள் துருவையும் வளர்த்திருக்கு. பெற்றோல் தாராளமாய்க் கிடைத்த பிறகு, அந்தத் துரு பொடிப்பொடியாய்க் கழன்று, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சின்ன ஓட்டைக்கு இறங்கி வந்திருக்கு. வரிசையில் நின்ற காலம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜெற்றைப் பெற்றோலில் ஊறப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதுதான் அப்பா மற்றக் கதையைச் சொன்னார்.

1990இல் சண்டை தொடங்கி வடக்கில் புலிகளின் பகுதிகளுக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது அப்பாவுக்குப் பதினைந்து வயது. குடும்பத்தோடு மடுவில் அகதியாய் இருந்தார்கள். கொஞ்சக் காலத்தில் ஒரு மாமாவின் ஹொண்டா சீ 90 அவர் கைக்கு வந்தது. வன்னியில் அப்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்க 150 பாகை செல்சியஸ் அளவு வேணும், பெற்றோலின் மெல்லிய பகுதிக்கு 40 பாகை காணும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் எடுக்க முடியாது. ஒரு சின்னப் போத்திலில் பெற்றோல் வைத்திருப்பார்கள், அதிலிருந்து சேலைன் குழாய். நாலு துளி காபரேட்டருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடாகும்வரை அதில் ஓட்டி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும்.

"சூடு இறங்கினா வெள்ளைப் புகை தள்ளி நூந்திடும்" என்றார். "நூந்தா திரும்ப நாலு துளி. அந்த நாலு துளிக்கு எங்க போறது? ஆச்சிய ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனன். போத்தில்ல ஒரு ஸ்ரார்ட்டுக்குத்தான் இருந்தது. வழி முழுக்க, பள்ளம் திட்டி எல்லாத்திலயும், கைய விடேல்ல. ஆச்சி ஒண்டுக்கு இருக்கோணும் எண்டு சொன்னா. நான் சைக்கிள முறுக்கிக்கொண்டே நிண்டன், அவ பத்தைக்குள்ள போயிட்டு வந்தா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய வலது கை, பக்கத்தில் பைக் இல்லாமலே, கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது.

2002 தொடக்கத்தில் தடை எடுபட்டது. கைக்கு அது தெரியாது. அந்தக் கையால்தான் இந்த வருத்தம் இரண்டு வருடம் அவர் கண்ணில் படாமல் இருந்தது.

ஜெற் ஊறிய பிறகு அப்பா ஊசி எடுக்கப் போனார், மறித்தேன். பித்தளை மெதுவானது. உருக்கு ஊசி ஓட்டையைப் பெருப்பித்துவிட்டால் பிறகு ஒருநாளும் சரிவராது. பழைய வயரை உரித்து, உள்ளேயுள்ள செப்புக் கம்பியில் ஒற்றை இழையை எடுத்து மெல்ல நுழைத்தோம், பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். திரும்ப ஆகாயத்துக்கு நேரே பிடித்தபோது ஒரு புள்ளி வெளிச்சம். தம்பி, அம்மா, பக்கத்து வீட்டு மாமி என்று எல்லாரும் ஒருக்காப் பிடித்துப் பார்த்தார்கள்.

பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி, எயார் திருகாணியை மெதுவாய் முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, எஞ்சின் எங்கே ஆகச் சுகமாய் ஓடுகிறது என்று காதால் பிடித்தோம். பிறகு கராஜில் கூட்டிய ஸ்லோவை இறக்கினோம். நிமிடத்துக்கு 1400 சுற்று அளவுதான் இந்த பைக்குகளுக்குச் சரி. எங்களிடம் மீற்றர் இல்லை, அப்பாவின் காது இருந்தது. அவர் கையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். நின்றது. ஐந்து நிமிடம் தன்பாட்டில் ஓடிக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் திரும்ப நூர்ந்தது.

என்னில்தான் பிழை. ராங்குக்குள் துரு இருக்கும்வரை ஜெற்றைத் துப்புரவாக்குவது, ஒழுகுகிற கூரையின் கீழ் நிலத்தைத் துடைப்பதுபோல. கழற்றிப் பெற்றோலை வடித்து, அடி ஓட்டையை அடைத்து, வினாகிரி ஊற்றி, உரசுவதற்கு ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். தம்பி நட்டுக்குப் பதிலாகச் சிப்பி போடலாம் என்றான், கரையில் வேண்டிய அளவு கிடக்காம். சிப்பி சுண்ணாம்பு, வினாகிரியில் கரைந்துபோகும். ஓஎல் விஞ்ஞானம் வாழ்க்கையில் உதவிய ஒரே நாள். மூன்று நாள் ஊறி வெளியே வந்தது கோப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்தோம். பெற்றோல் குழாயில் ஒரு சின்னப் பில்டரும் பூட்டினோம். இதை முதலே பூட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இப்போது ஒரு மாதமாகிறது. விடிய இரண்டு நிமிடம் சோக்கில் வைத்தால் போதும். கடவையில் நின்று, கையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆறுதலாய்ப் பார்த்துவிட்டுக் கடக்கிறேன். அப்பா இன்னும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்.

ஒரு புதுப் பிரச்சினை வந்திருக்கு. வினாகிரி துருவைத் தின்றுவிட்டது. துருதான் ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கு. ராங்கின் பின்மூலையில், தண்ணீர் தங்கிய இடத்தில், ஊசிமுனை அளவு ஒழுக்கு. இப்போதைக்கு அப்பா உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தேய்த்து அடைத்து வைத்திருக்கிறார். அதுவும் மடுவில் படித்ததாம். சனிக்கிழமை வெல்டிங்குக்குக் கொண்டுபோகவேணும். பெற்றோலை முழுக்க வடித்து, ராங்க் நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் வெல்டிங் அண்ணை, ஆவி தங்கினால் வெடிக்குமாம். தண்ணீர் விட்டால் திரும்பத் துருப்பிடிக்குமே என்று கேட்டேன். "பிறகு வடிவாக் காய வை பிள்ளை" என்றார்.